மாமாவின் வலது பாதம்

பெரிய வியாழன் அன்று எங்கள் கோயிலில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்கள். இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததை நினைத்து, ஃபாதர் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டு, வலது காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். கடலூரில் நான் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் வருடா வருடம் அதைப் படமெடுப்பவன் நான்தான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. கழுவப்படப்போகிற பன்னிரண்டு பேரும் காலைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சும்மா கழுவுவது இல்லை. பீர்க்கை நார் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, வெடிப்பில் வாஸ்லின் அடைத்து, ஒன்றிரண்டு பேர் பவுடர்கூடப் போட்டு வருவார்கள். அழுக்குக் காலை ஃபாதரிடம் எப்படி நீட்டுவது? ஆகவே கழுவுவதற்கு ஒன்றுமே இல்லாத காலைத்தான் அவர் ஒவ்வொரு வருடமும் கழுவுவார்.

இதைச் சொல்லிச் சிரிக்கிற நானும் ஒரு வகையில் அந்தப் பன்னிரண்டு பேரைப் போலத்தான். என் பிழைப்பே அப்படி. கல்யாணத்தில் உள்ளதை உள்ளபடி எடுத்துக் கொடுப்பவனை இரண்டாவது கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். மாப்பிள்ளையைக் கொஞ்சம் வெளுக்க வேண்டும், பெண்ணின் பருவை எடுக்க வேண்டும், மாமியார் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தைக் கரைக்க வேண்டும். இதற்கென்றே ஒரு செட்டிங் செய்து வைத்திருந்தேன். ஒரே தட்டு. தோல் வெளுக்கும், கறை மறையும், நிழல் விலகும். போனிலும் அதையே ஏற்றி வைத்திருந்தேன்.

பிறகு ஒரு பெண்வீட்டாரோடு ஆல்பம் விஷயத்தில் வாய்த்தகராறு வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, அந்த மாதமே ஸ்டுடியோவை மூடிவிட்டேன். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் படமெடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். போனேன். அண்ணாமலை நகரில் ஒரு மாடி அறை பிடித்துக்கொண்டேன்.

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பார்க்கும் பிரிவு அது. அதை நடத்துகிற டாக்டரம்மா என் பழைய ஆல்பங்கள் இரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "கல்யாண வீட்டு வேலைய மட்டும் இங்க காட்டிடாதீங்க. கறுப்பு கறுப்பா இருக்கணும், செவப்பு செவப்பா இருக்கணும். அந்தக் கலர்தான் எனக்குச் சேதி."

புண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எடுப்பதற்கு ஒரு சின்ன அட்டை கொடுத்தார். அதில் ஒரு ஓரத்தில் சென்டிமீட்டர் கோடுகள், மறு ஓரத்தில் வெள்ளை, சாம்பல், கறுப்பு, சிவப்பு என்று கட்டங்கள். படத்தில் அட்டையின் நிறம் சரியாக இருந்தால் புண்ணின் நிறமும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி கேமராவில் எடுத்த படம் எதையும் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. ஓய்ந்த நேரத்தில் அனிமேஷன் கற்றுக்கொண்டு, ரத்தம் ஓடுவது, எலும்பு கூடுவது என்று மாணவர்களுக்குப் படங்கள் செய்தேன். எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

என் அக்காவைக் குமராட்சிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். மாமா நெல் விவசாயி. கல்யாணத்தன்று கோயில் வாசலில் செம்புத் தண்ணீரால் அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போனவன் நான். மச்சான் முறை அது. அந்தக் காலை நான் நன்றாகவே அறிவேன். அகலமான பாதம், பிளந்த குதிகால், நகத்துக்குள் எப்போதும் வயல். பத்து வருடமாக மாமாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போடுவார், போடாமலும் இருப்பார்.

அந்த வருடம் ஐப்பசியில் கொள்ளிடத்தில் தண்ணீர் ஜாஸ்தி. மாமாவின் ஊருக்குப் போகிற ரோடு முழுகி, மினிபஸ் நின்றுபோயிற்று. அக்கா போன் செய்தாள். மாமாவின் வலது காலில், கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் ஒரு புண், வலி இல்லை, ஆனால் பார்க்க நன்றாக இல்லை என்றாள். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படம் ஒரே இருட்டாக இருந்தது. மழை மூட்டத்தில், வீட்டுக்குள், கரண்டும் இல்லாமல் எடுத்த படம். டாக்டரம்மாவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று என் கை அந்த ஒரே தட்டைத் தட்டியது. யோசித்துச் செய்யவில்லை. சட்டைப் பொத்தானை யோசித்தா போடுகிறோம்? கால் பளிச்சென்று வந்தது. அனுப்பினேன்.

"நெறம் நல்லாத்தான் இருக்கு. மருந்து ஊத்தி கட்டிகிட்டு இருக்கட்டும், காய்ச்சல் வந்தா உடனே சொல்லணும். தண்ணி வடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டரம்மா பதில் அனுப்பினார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

தண்ணீர் வடிய நாலு நாள் ஆயிற்று. டிராக்டரில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். கட்டைப் பிரித்தபோது விரல் கரியாகக் கறுத்திருந்தது. மறுநாளே அந்த விரலை எடுத்துவிட்டார்கள். காலோடு போகாமல் விரலோடு போயிற்றே, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

கேஸ் ஃபைலுக்குப் படங்களைச் சேர்க்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா அனுப்பிய படமும் நான் அனுப்பிய படமும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அக்காவின் படத்தில் அந்த விரல் நீலம் பாரித்துக் கறுக்கத் தொடங்கியிருந்தது. இருட்டிலும் தெரிந்தது. என் படத்தில் மாப்பிள்ளைக் கால் மாதிரி இருந்தது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "வெரல் பொழைச்சிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இதப் பாத்திருந்தா, படகு வெச்சாவது இன்னைக்கே வாங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "உங்க மாமாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார். சரி என்றேன். சொல்லவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று.

புண் ஆறியது. ஆனால் டாக்டரம்மாவின் கவலை தீரவில்லை. மாமாவின் இரண்டு பாதங்களுக்கும் உணர்ச்சி போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தினமும் காலைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அடுத்த புண்ணில் போவது விரலாக இருக்காது, கால் முழுதும் போகும் என்று என்னிடம் நேராகவே சொன்னார். மாமாவுக்கோ இது மண்டையில் ஏறவே இல்லை.

"வலிச்சா நான் வர மாட்டனா? வலிக்கவே இல்லியே. வலிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்பார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் உள்ளங்காலும் அப்படித்தான்.

வாயால் சொல்லி ஏறாததைப் படமாகக் காட்டிவிடலாம் என்று டாக்டரம்மா நினைத்தார். எனக்கும் அது பிராயச்சித்தம் போலப் பட்டது. இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு அனிமேஷன் செய்தேன். விலைக்குக் கிடைக்கிற முப்பரிமாணக் கால் ஒன்றை வாங்கி, அதற்குள் நரம்புகளை மின்கம்பி மாதிரி ஓடவிட்டு, சர்க்கரை ஏற ஏற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதாகக் காட்டினேன். வழவழவென்று, ரோஜா நிறத்தில், ஒரு வெடிப்பு இல்லாத கால். அழகாக இருந்தது. நானே பத்து தடவை போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கம்மாபுரத்தில் ஒரு முகாம். பள்ளிக்கூட ஹாலில் திரை கட்டி அதைப் போட்டோம். எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள், முடிந்ததும் கைகூடத் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "நல்லா இருக்கு சார். இது எந்த நாட்டுல வர்ற வியாதி?" என்று கேட்டார். காலில் கட்டுப் போட்டிருந்தவர் அவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டதே என்று வேனில் வரும்போது முழுக்க முணுமுணுத்தேன். மாமாவிடமாவது எடுபடும் என்று அந்த ஞாயிறு குமராட்சிப் பக்கம் போய், லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். மாமா முழுதும் பார்த்தார். "வெள்ளக்காரன் காலுடா இது" என்றார். "அவன் எங்க நாத்து நடுறான்? ஷூ போட்டுகினு ஆபீஸ் போறவன். அவனுக்கு என்ன, லைட் எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செய்தது மறுபடியும் அதே வேலை. கறையைத் துடைத்து, தோலை வெளுத்து, யாருடையதும் இல்லாத ஒரு காலைக் காட்டியிருக்கிறேன். முகாமில் கேட்ட அந்த அம்மா பேரில் தப்பு இல்லை, மாமா பேரிலும் தப்பு இல்லை.

அக்கா சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து வைத்தாள். இனியும் தள்ள முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனில் இரண்டு படங்களையும் எடுத்துக் காட்டினேன். இது அக்கா எடுத்தது, இது நான் அனுப்பினது என்று.

அக்காதான் முதலில் பேசினாள். "நான் எடுக்கறப்பவே கறுப்பாத்தான்டா தெரிஞ்சுது. என் கண்ணால பாத்தேன். டாக்டரே நெறம் நல்லா இருக்குன்னு சொன்னதா நீ சொன்ன பாரு, சரி, நான்தான் தப்பா பாத்துட்டேன் போலன்னு நெனச்சிகிட்டேன். நாலு நாளும் அப்படியே நெனச்சிகிட்டு இருந்தேன்." டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. விரலைவிட அவள் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சரியாகப் பார்த்த கண்ணைச் சந்தேகப்பட வைத்திருக்கிறேன்.

மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கல்யாண ஆல்பம் பண்ணதும் நீதானே" என்றார் கடைசியில்.

"ஆமா மாமா."

"அதுல என்னைய வெளுத்த வெளுப்புல, எங்க அம்மாவே மாப்ள யாருன்னு கேட்டாங்க. அன்னிக்கே உன் கையை ஒடிச்சிருக்கணும்." சிரிக்கவில்லை. ஆனால் போனை என் பக்கமாகத் தள்ளினார். "சரி, இப்ப என்ன வேணும் உனக்கு?"

"உங்க காலு வேணும் மாமா. படத்துக்கு."

"மிச்சம் ஒம்போது வெரலு இருக்கு. எடுத்துக்க. இருக்கறத எடு."

காலை இன்னொருவர் பக்கம் நீட்டி உட்காராத மனிதர் அவர். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்க்கும்போதுகூட வேட்டியை இழுத்து மூடிக்கொள்வார். அன்று ஸ்டூலின் மேல் வலது காலைத் தூக்கி வைத்தார். நான் தரையில் படுத்தும் உட்கார்ந்தும் சுற்றிச் சுற்றி நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். எல்லாப் பக்கத்துப் படங்களையும் கம்ப்யூட்டரில் கோத்தால் ஒரு முழுக் கால் அசலாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு படத்திலும் அட்டை இருந்தது. விரல் இருந்த இடத்துத் தழும்பை மட்டும் அழித்து அழித்து நாலு தடவை எடுத்தேன். மாமா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல வாசலுக்கு எதிரே ஓடுகிற வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு கம்பி எல்லாம் வாணாம்டா" என்றார் திடீரென்று. "வெரலுதான் ஒடம்புக்குக் கடமடை. தலமடையில தண்ணி போவும், கடமடைக்கு வந்து சேராது. நமக்கு இது தெரியாதா? அங்க கரை ஒடஞ்சாலும் தலமடைக்காரனுக்குச் சேதி போவாது. அவன்பாட்டுக்குத் தூங்குவான். நாமதான் மம்மட்டிய எடுத்துகினு நடந்து போயி பாக்கணும். அப்படிக் காட்டு."

அப்படியே காட்டினேன். உடம்பு ஒரே வாய்க்காலில் பாய்கிற ஒரு ஆயக்கட்டு. விரல்கள் கடைசி வயல்கள். கடைமடையில் கரை உடைந்து வயல் அழுகிக்கொண்டிருக்க, தலைமடையில் ஒரு ஆள் நிம்மதியாகத் தூங்குகிறார். பிறகு அந்த வயல் மெல்ல மாமாவின் வெடித்த, மண்ணேறிய பாதமாக மாறும். பேசுகிற குரலும் மாமாவுடையதுதான். வயலில் செருப்புப் போட முடியாது, அது எங்களுக்கும் தெரியும், அதனால் சாயங்காலம் கரையேறியதும் காலைக் கழுவு, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடை, கண்ணாடியைத் தரையில் போட்டு உள்ளங்காலைப் பார், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிறவரைப் பார்க்கச் சொல். மூன்று நிமிடம். டாக்டரம்மா ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் மட்டும் புண்ணின் நிறத்தைத் திருத்தச் சொன்னார். இன்னும் கறுப்பாக.

ஆஸ்பத்திரி காத்திருப்பு ஹாலில் அதை முதலில் போட்ட காலையில் நான் திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் படத்தில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்து ஆளும் பார்த்தார். பிறகு அந்த வரிசையே குனிந்துவிட்டது. கைதட்டல் ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் எந்த ஆல்பத்துக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் எனக்கு வேண்டியது மாமா கால். அவர் தினமும் பார்க்கிறாரா, இல்லை ஊருக்குத்தான் உபதேசமா என்று சந்தேகம் இருந்தது. அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டால் "ம்" என்பாள்.

அதற்கு அடுத்த வருடம் தை மாத அறுப்பு சமயம். ஒருநாள் காலை ஏழு மணிக்கு அக்கா போனிலிருந்து ஒரு படம் வந்தது. மாமாவின் இடது உள்ளங்கால். குதிகாலுக்கு முன்னால் ஒரு கருவேல முள் ஒடிந்து நின்றது, சுற்றிலும் லேசாகச் சிவந்திருந்தது. பக்கத்தில் நான் அவளிடம் கொடுத்துவிட்டு வந்த அட்டை. படம் இருட்டுத்தான். என் கட்டைவிரல் பழைய இடத்துக்குப் போயிற்று. போய், நின்றது. அப்படியே டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். மினிபஸ் இரைச்சல் கேட்டது.

"நேத்து முழுக்க இதோடதான் நடந்திருக்கேன் போல, ஒண்ணும் தெரியல" என்றார். "ராத்திரி சோம்பேறித்தனத்துல பாக்காம வுட்டுட்டேன். காலையில உங்க அக்காதான் கண்ணாடிய போட்டு பாத்தா. பாத்த ஒடனே கெளப்பி பஸ்ல ஏத்தி வுட்டுட்டா. உன் டாக்டரம்மா என்ன சொல்றாங்க?"

"இன்னும் பதில் வரல மாமா."

"வரலன்னா என்ன. உங்க அக்கா சொல்லிட்டா."

அன்று முள்ளை எடுத்து மருந்து கட்டினார்கள். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. இடது காலில் ஐந்து விரலும் இருக்கின்றன, காலும் இருக்கிறது.

அவர்கள் ஊர்க் கோயிலிலும் பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவுவது உண்டு. விரல் போன பிறகு வந்த முதல் வருடம் மாமாவைக் கூப்பிட்டதற்கு, "வெரலு கொறஞ்ச காலை எதுக்கு சபையில காட்டிகினு" என்று மறுத்துவிட்டார். இந்த வருடம் போய் உட்கார்ந்தார். நானும் போயிருந்தேன். வழக்கம்போல எல்லோரும் தேய்த்துக் கழுவி, மினுமினுவென்று வந்திருந்தார்கள். மாமாவும்தான், எங்கள் ஜனத்தை அதில் மாற்ற முடியாது.

மாமாவின் முறை வந்தது. வலது காலை நீட்டினார். நாலு விரல். பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். கழுவியவர் புதிதாக வந்த இளம் ஃபாதர். தண்ணீர் ஊற்றி, துண்டால் மேலோட்டமாக ஒற்றி, முத்தமிடக் குனிந்தார். மாமா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஃபாதர், மன்னிச்சிக்கணும். வெரலிடுக்குல ஈரம் நிக்குது. அது ஆவாது. நல்லா தொடச்சி வுட்டுடுங்க" என்றார், அடக்கமாகத்தான். ஆனால் பாட்டு நின்றிருந்த நேரம், கோயில் முழுக்கக் கேட்டது.

ஃபாதர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு துண்டை மடித்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். விரல் இல்லாத இடத்தையும் துடைத்தார். அதற்குப் பிறகுதான் முத்தமிட்டார். மாமாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் தன் முறைக்கு விரல்களை முன்கூட்டியே விரித்து வைத்துக்கொண்டார். ஏற்கெனவே முடிந்திருந்த ஒருவர் குனிந்து தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோயிலுக்குள் வெளிச்சம் போதாது. நான் எடுத்த படம் இருட்டாகத்தான் வந்தது. வெளியே வந்ததும் அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கால், தழும்பு, துண்டு என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள்.

"கறுப்பாத்தான் தெரியுது" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்குடா."